காக்கிமா அனுப்பிய டிரைவர்

கல்கத்தா டாலிகஞ்சில் எங்கள் கீழ்வீட்டு வங்காள அம்மாளை நாங்கள் காக்கிமா என்றுதான் கூப்பிடுவோம். சித்தி என்று அர்த்தம். ஒரே மகளுக்கு அமெரிக்காவிலேயே கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டி வைத்த பிறகு, காக்கிமா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அவருடைய கணவர் மட்டும் விமானம் ஏறினார். காக்கிமா மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்து, சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

"அழாதீங்க காக்கிமா, கம்ப்யூட்டர்ல கல்யாணத்தைக் காட்டறேன்" என்று எனக்குத் தெரிந்த வங்காளத்தில் வாயை விட்டவள் நான். வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை என்ற திமிர். வெப்கேமரா வீடுகளுக்குள் அப்போதுதான் வந்திருந்தது. மகள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் காக்கிமாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வேறென்ன வேண்டும்?

இடி விழாமல் இருந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் விழுந்த இடியில் அதன் மதர்போர்டு கருகிவிட்டது. கல்யாணத்தன்று காலையில்தான் கடைக்காரர் புது போர்டை மாட்டிவிட்டுப் போனார். நான் லீவு போட்டுவிட்டுப் போய் சுவிட்சைத் தட்டினேன். கம்ப்யூட்டரை எழுப்புகிற ஓ.எஸ். தொடங்குவதுபோல் பாவனை காட்டியது, சட்டென்று நீலத் திரை, மறுபடி முதலிலிருந்து. சனியன் அதையே திரும்பத் திரும்பச் செய்தது.

கோளாறு எனக்குப் புரிந்துவிட்டது. ஹார்ட் டிஸ்கை ஆளுகிற சிப் புது போர்டில் வேறு. அந்தச் சிப்போடு பேச ஒரு டிரைவர், அதாவது ஒரு சின்ன மென்பொருள், வேண்டும். பழைய ஓ.எஸ்.ஸிடம் அது இல்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்த கதைதான். ஓ.எஸ். சிடி போட்டுச் சரிசெய்யலாம் என்றால், அந்த சிடிக்கும் இந்தச் சிப்பைத் தெரியாது. தொடக்கத்திலேயே எஃப்-ஆறு பட்டனை அழுத்தி டிரைவரைக் கொடுக்க வேண்டும். அதையும் ஃப்ளாப்பி என்ற பழைய தட்டில்தான் வாங்கிக்கொள்ளும். போர்டோடு வந்த டிரைவர் வேறொரு சிடியில் இருந்தது. இந்தக் கம்ப்யூட்டரில் ஃப்ளாப்பி போடவே இடமில்லை. எங்கள் நேரத்துக்குச் சாயங்காலம் ஆறரைக்குக் கல்யாணம்!

என் கணவருக்குப் போன் போட்டேன். அவர் கணக்குப் பிரிவு. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியா?" என்றார்.

"எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு உங்களைத்தான் ஆஃப் பண்ணணும்! டிரைவர் இல்லைங்க! டிரைவர் இல்லாம இது ஒரு அடி நகராது!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

கட்டிலில் இருந்த காக்கிமாவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. நான் கத்தியதில் அவருக்குப் புரிந்தது 'டிரைவர்' மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. அவர்களுடைய கார் டிரைவர், எண்ணெய் தடவி வாரிய தலையோடு நின்றார். "காக்கிமா போன் பண்ணாங்க. எங்கே போகணும் தீதி?" என்றார். தீதி என்றால் அக்கா.

காக்கிமா பெருமையாக என்னைப் பார்த்தார். "டிரைவர் டிரைவர்னு அழுதியே மா. வரச் சொல்லிட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது: எனக்கு இப்போது வேண்டியதும் ஒரு காரும் டிரைவரும்தானே! கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சாந்தினி சந்தைக்குப் போனால் ஃப்ளாப்பி டிரைவ் கிடைக்கும். இரண்டு நாள் மழையில் தெருவில் நின்ற முழங்கால் தண்ணீரில் டாக்சிக்காரன் எவனும் வந்திருக்கமாட்டான். இவர் வந்தார். இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விடாமல், திட்டிக்கொண்டே சந்து சந்தாக ஓட்டினார். பழைய சாமான் கடையில் ஒரு டிரைவை வாங்கி, அங்கேயே டிரைவர் மென்பொருளைச் சிடியிலிருந்து ஃப்ளாப்பிக்கு மாற்றிக்கொண்டு திரும்பினோம். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

டிரைவை மாட்டி, எஃப்-ஆறை அழுத்தி, ஃப்ளாப்பியைச் செருகினேன். அது கரகரவென்று உறுமியது. ஹார்ட் டிஸ்க்கின் பெயர் திரையில் வந்தபோது "அப்பாடா!" என்று நான் போட்ட சத்தத்தில் காக்கிமா எழுந்து உட்கார்ந்துவிட்டார். பழுது பார்க்கும் வேலை மெதுவாக நடந்து முடிந்தது. ஓ.எஸ். எழுந்தது. ஆறரைக்கு ஐந்து நிமிடம் முன்னால், சிவப்புப் பனாரஸ் பட்டில் மகள் திரையில் வந்தாள்.

"மா!" என்றாள். காக்கிமா திரையைத் தடவினார். இருவரும் அழுதார்கள், நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

மாப்பிள்ளை குங்குமச் சிமிழைக் கையில் எடுத்தான். நமக்குத் தாலி போல அவர்களுக்கு வகிட்டுக் குங்குமம். உடனே காக்கிமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன காக்கிமா? பாருங்க!"

"பெத்தவ பார்க்கக் கூடாது மா. எங்க குடும்பத்துல வழக்கம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "அடக் கடவுளே! பார்க்கறதில்லைன்னா எதுக்கு இவ்வளவு பாடு?"

"அங்கே போயிருந்தாலும் பக்கத்து அறையிலதான் உட்கார்ந்திருப்பேன்" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "அந்தப் பக்கத்து அறையைத்தான் நீ எனக்குக் கொண்டுவந்தே. நீ பார். அக்கா பார்க்கலாம்."

அவருடைய ஒரே மகளுக்கு அக்கா நான்தான். காக்கிமாவின் கை என் கையைப் பிடித்திருந்தது. அரைகுறை வங்காளத்தில் நான் பார்த்ததைச் சொல்லத் தொடங்கினேன். வகிட்டில் வைக்கிறான் காக்கிமா, சிந்திவிட்டான்.

"மூக்குல விழுந்ததா?" என்றார் பரபரப்பாக. மூக்கில் விழுந்தால் புருஷன் ஆசையாக இருப்பானாம்.

"மூக்கு முழுக்க!"

காக்கிமா சுவரைப் பார்த்தபடியே, மாவுக்கட்டுக் கால் அசையாமல், நீளமாகக் குலவையிட்டார். அந்தச் சத்தம் அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாயிற்று. சேர்ந்ததும் மணப்பெண் மாப்பிள்ளையை விட்டுவிட்டு, அம்மா எந்த அறையில் இருக்கிறாள் என்று சுற்றுமுற்றும் தேடினாள்.