கருவாட்டுப் பாயில் நின்ற நாய்

எனக்கிருந்த பாக்கின்சன் நடுக்க வருத்தத்துக்கு டொக்டர் மருந்தைக் கூட்டிய பிறகு, பேசாலையில் எங்கள் வளவில் காயும் கருவாட்டை ஒரு கறுத்த நாய் தின்னத் தொடங்கியது. துரத்தச் சொல்லி நான் கத்துவேன். "ஓம், கலைச்சுப்போட்டன்" என்பாள் மனைவி.

கிளினிக்கில் டொக்டர், "இல்லாதது ஏதும் தெரியுதோ?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். பக்கத்தில் இருந்த மனைவி வாய் திறக்கவில்லை.

பிறகொருநாள் நாய்க்கு எறிந்த விறகுக்கட்டை, கருவாடு புரட்டிய மகளின் காதை உரசிக்கொண்டு போனது.

"அப்பா, இஞ்ச ஒரு நாளும் நாய் வரேல்லை!" என்று அழுதாள்.

"உங்கட மனம் நோகக்கூடாதெண்டுதான் சொல்லேல்லை" என்றாள் மனைவி. வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

டொக்டரிடம் எல்லாம் சொன்னேன். மருந்தை மாற்றித் தந்தார். நாய் இன்னும் இடைக்கிடை வரும். இப்போது கட்டையைத் தொடாமல், நாய் நிற்கிறதா என்று கேட்கிறேன். மனைவியும் உண்மையைத்தான் சொல்கிறாள். ஆனாலும் நான் மகளைத்தான் கேட்கிறேன்.