இருக்கையின் நான்கு மூலைகள்

மார்ச் 9. மகள் இறந்தாள். மூளையில் ரத்தக் கசிவு.

ஜூன் 2. அவள் பாதி கட்டி வைத்திருந்த கார்ப் பந்தய சிமுலேட்டர், வாடகை வீட்டிலிருந்து நெம்மேலி அருகே எங்கள் வீட்டுக்கு வந்தது. அலுமினியச் சட்டம், இருக்கை, ஸ்டியரிங், பெடல்கள், ஒரு சிறிய திரை, இருக்கையை அதிரவைக்க, பெட்டி பிரிக்காத நான்கு அதிர்விகள்.

ஆகஸ்ட் 17. செங்கல்பட்டு கார் ஆடியோ கடைக்காரர் அதிர்விகளைப் பொருத்தினார்.

ஆகஸ்ட் 18. நான் அவற்றைக் கழற்றினேன்.

நவம்பர் 12. வேலை முடிந்தது. மைத்துனர் பிரேக் பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

மேலே உள்ளவற்றில் என் அபிப்பிராயம் எதுவும் இல்லை. இனி வருவதில் உண்டு.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர், அவள் சாலை விபத்தில் இறந்ததாகத் தாங்களே முடிவு செய்துகொண்டு வந்தார்கள். கார், பந்தயம் என்ற இரண்டு சொற்கள் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. அலுவலக நாற்காலியில் சரிந்து விழுந்தாள் என்று நான் சொன்னபோது ஒருவர் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம். அதை மறைக்கவாவது அவர் முயன்றிருக்கலாம். ஜூனில் தாமதமாக வந்த இன்னொருவர் சட்டத்தைச் சுற்றி வந்து, "வீடியோ கேம்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கம் பெறுவதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பெரிய திரைகளை வாங்கிவிட்டு, வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். என் மகள் அதை மறுத்தாள். இருக்கையின் ஒவ்வொரு மூலையிலும் உள்ளங்கை அளவுள்ள ஓர் அதிர்வி; ஒவ்வோர் அதிர்வியும் காரின் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பதில் சொல்லும். எஞ்சினின் ஓசை ஹெட்போனுக்குப் போய்விடும். சாலை உடம்புக்கு வரும். தொலைபேசியில் ஒருமுறை சொன்னாள்: "பின் டயர் நழுவப் போறது மொதல்ல இடுப்புக்குத்தான்பா தெரியும். அப்புறம் காதுக்கு. கண்ணுக்குத் தெரியறப்ப வேலை முடிஞ்சிருக்கும்."

நான் பொறியியல் கல்லூரியில் அதிர்வியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்த நழுவலுக்குச் சமன்பாடு எழுதுவேன். அதை உணர்ந்ததில்லை. அவள் உணர்ந்ததை ஒருமுறை நானும் உணர வேண்டும் என்பதைத் தவிர இந்த வேலையில் எனக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை.

கடைக்காரரை அழைத்து வந்தவர் என் மனைவியின் தம்பி. கடற்கரையோரம் மனை விற்கும் தரகர். உலகில் தனக்குத் தெரியாத ஆள் இல்லை என்று நம்புகிறவர். தெரிந்த ஆட்களைப் பார்த்தால் அது பெருமைக்குரிய விஷயமாகத் தோன்றவில்லை. கடைக்காரரின் தொழில் சுற்றுலா வேன்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுவது. நான்கு தனித்தனிக் கம்பிகளை எடுத்துக் கொடுத்துவிட்டு நான் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது நான்கையும் ஒன்றாக முறுக்கி ஆம்ப்ளிஃபையரின் ஒரே வாயில் சொருகியிருந்தார். அதிர்விகள் ரப்பர் இல்லாமல் நேராகச் சட்டத்தில் திருகப்பட்டிருந்தன.

"சார், இப்ப ஒக்காந்து பாரு. வூடே ஆடும்," என்றார்.

"நான்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று சொன்னேனே."

"தனித்தனியா வுட்டா கும்முனு வராது சார். பிரிஞ்சி பூடும்."

"பிரிய வேண்டும் என்பதற்காகத்தான்."

அவர் என் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் சிரித்தார். "மாமா புரொபசருபா. அப்படித்தான் பேசுவாரு. நீ போட்டுக் காட்டு மச்சான்."

நான் உட்கார, போட்டுக் காட்டினார். சமையலறையில் பாத்திரங்கள் அதிர்ந்தன. ஒரு சக்கரம் கல்லில் ஏறினாலும் நான்கு மூலையும் ஒரே குரலில் உறுமின. இருவர் முகத்திலும் நிறைவு. கல்யாண மண்டபம், கட்சிக் கூட்டம், கோவளம் போகும் வேன், எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் ஒரே அளவுகோல்தான்: நெஞ்சில் இடிக்க வேண்டும். எது எங்கிருந்து வருகிறது என்று கேட்பது மரியாதைக் குறைவு.

மறுநாள் அனைத்தையும் பிரித்தேன். ஒவ்வொரு மூலைக்கும் சட்டத்துக்கும் இடையே ரப்பர் வைத்து, ஒன்றின் அதிர்வு மற்றதற்குப் போகாமல் தடுத்தேன். நான்கு வழிகளையும் தனித்தனியே அளந்து சமன் செய்தேன். நிதானமாகச் செய்தேன். செய்துமுடித்த அன்று மைத்துனர் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். துக்க வருடத்தில் பண்டிகை கூடாது என்று தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூட அனுமதிக்காதவர்.

"இதுக்குச் சக்கரம் கிடையாது," என்றேன்.

"சக்கரம் இல்லாங்காட்டி இன்னா மாமா? பிரேக்கு கீதுல்ல? புது வண்டிக்கு வைக்காம வுட்டா எப்படி?"

பழம் நசுங்கியது. பெடலைத் துடைத்தேன்.

பிறகு நான் ஓட்டிப் பார்த்தேன். அப்போதுதான், கருவியில் இல்லாத ஒரு குறை தெரிந்தது. பின் சக்கரம் நழுவ வேண்டுமானால் நழுவும் வேகத்தில் ஓட்டத் தெரிய வேண்டும். வாழ்நாள் முழுவதும் மதுராந்தகம் ஏரிக்கரையில் லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போனவன் நான். மெதுவாகப் போனால் பின் மூலைகள் மௌனமாக இருந்தன. வேகமாகப் போனால் முன் சக்கரங்கள் சறுக்கி, கார் நேராகச் சுவரில் மோதியது. பல நாள் முயன்றேன். பின்பக்கம் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

எனக்குத் தெரிந்தவர்களில் காரணமே இல்லாமல் வேகமாக ஓட்டுகிறவர் மைத்துனர் ஒருவர்தான். திருப்போரூர் சாலை வளைவில் காரைக் கவிழ்த்துவிட்டு, அதைச் சாதனையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர். அந்த இருக்கையில் அவளுக்குப் பிறகு என்னைத் தவிர யாரும் அமர்ந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரச் சொன்னேன்.

சென்ட் வாசனையோடு உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டதும், நான் செவிடாகிவிட்டது போலக் கத்த ஆரம்பித்தார். "எங்க மாமா ஆக்சிலேட்டரு? ஆங், கெடச்சிச்சி!"

நான் அவருக்குப் பின்னால் தரையில் மண்டியிட்டு, இருக்கையின் பின் மூலைகள் இரண்டின் அடியிலும் கைகளை வைத்தேன். இப்படிப்பட்ட ஒரு மனிதருக்குப் பின்னால் மண்டியிடுவேன் என்று எப்போதும் நினைத்ததில்லை.

மூன்றாவது வளைவில் என் இடது உள்ளங்கையில் அது வந்தது. பெரிய அதிர்வு இல்லை. ஈர மணலை விரல்களுக்கிடையே தேய்ப்பது போன்ற நுண்ணிய நடுக்கம். வலது கையில் ஒன்றுமில்லை. அதன் பிறகு, அவர் காதில் இருந்த ஹெட்போனிலிருந்து டயரின் கீச்சொலி லேசாகக் கசிந்தது. அதன் பிறகுதான் திரையில் சாலை சுழன்றது.

"ஐயையோ, பூட்ச்சி, பூட்ச்சி!"

அவள் சொன்ன வரிசை சரி.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். "மாமா, கும்முனே இல்லியே. அவனக் கூப்புட்டு பழையபடி மாட்டச் சொல்லவா?"

"இன்னொரு தடவை ஓட்டு."

"எதுக்கு? அதான் பூட்ச்சே."

"ஓட்டு."

கை வலிக்கும்வரை ஓட்டினார். ஒவ்வொரு முறையும் வந்தது. பக்கத்து அறையில் என் மனைவி தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தாள். எட்டிப் பார்க்க வரவில்லை.

செய்யாமல் இருப்பவை:

வலது முன் மூலையின் ரப்பர் தளர்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

இருக்கை உறையில் அந்த சென்ட். துவைத்தால் அது மட்டும் போகாது, அவள் வாசனையும் போய்விடும். முடிவு செய்யவில்லை.

என் மனைவியை ஒருமுறை கை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அதற்கு மைத்துனரை மறுபடியும் அழைக்க வேண்டும்.