மாமனாரின் கைலி

ஈப்போவில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் புனிதாவுக்கு வேலை. ஊர் பேர் தெரியாதவர்கள் படுத்துப் புரண்ட விரிப்புகளை நாள் முழுக்கப் பிரித்துப் போடுவாள். எது எதனால் வந்த கறை என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவாள். அங்கே அவளுக்கு ஒருநாளும் குமட்டியதில்லை. கையில் உறை இருக்கும், மாதம் முடிந்தால் சம்பளம் வரும். வீட்டுக்கு வந்தால்தான் குமட்டல்.

வீட்டில் மாமனார் மாயாண்டி. சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தலை நரைக்கும் வரை பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் மகன் தனேஸ்வரனோடு வரிசை வீடுகளாக இருக்கும் இந்தத் தாமானுக்கு வந்தார். வந்த பிறகும் சும்மா இருக்காமல் புல் வெட்டப் போனார். வேலை உடுப்போடு வீட்டுக்குள் கால் வைக்கவே மாட்டார். தோட்டத்தில் ஒட்டுப்பால் நாற்றத்தை வீட்டுக்குள் விடக் கூடாது என்று பழகிய பழக்கம். பின்வாசல் குழாயடியில் நின்று எல்லாவற்றையும் கழற்றுவார். மாமியார் நல்லம்மாள் கதவிடுக்கு வழியே முகத்தைத் திருப்பிக்கொண்டு துவைத்த கைலியை நீட்டுவார். புது மருமகளாக வந்தபோது புனிதா அதைப் பார்த்து வாய்க்குள் சிரித்திருக்கிறாள்.

மருமகள் கூடத்தில் இருந்தால் மாயாண்டி வாசலிலேயே தொண்டையைச் செருமுவார். தோளில் துண்டில்லாமல் அவள் எதிரில் வந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் மறதி நோய் வந்தது. நல்லம்மாள் செத்ததை மறந்தார், கக்கூஸ் இருக்கும் இடத்தை மறந்தார். ஒருநாள் காலையில் பின்வாசலில் பிறந்த மேனியாக நின்றார். அடுத்த வீட்டுச் சீன ஆன்ட்டி போட்ட கூச்சலில் தாமானே எட்டிப் பார்த்தது. தனேஸ்வரனுக்கு மானம் போயிற்று. அன்றைக்கே பின்வாசல் கிரில்லுக்கு ஒரு பூட்டைப் போட்டான். சாவியைப் புனிதாவிடம் கொடுத்துவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு ஜொகூருக்குப் போய்விட்டான். சாவி அவளிடம், அப்பனும் அவளிடம்.

அதிலிருந்து காலைதோறும் மல்லுக்கட்டுதான். இரவெல்லாம் நனைந்த கைலியோடு எழுவார். அவள் முடிச்சில் கை வைத்தால் போதும், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உதைப்பார். டயப்பரைக் கிழித்துத் தலையணை உறைக்குள் திணித்து வைப்பார். அதை வெளியே இழுக்கும்போது வரும் வாடை இருக்கிறதே, சே! எத்தனை சோப்புப் போட்டாலும் அது விரலை விட்டுப் போகாது. சோற்றைப் பிசையும்போது கையை மோந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்த நாட்கள் உண்டு. கிழவர் மேல் அருவருப்பு, தன் கை மேல் அருவருப்பு, ஜொகூரிலிருந்து ‘சாப்டாரா?’ என்று மட்டும் கேட்கும் புருஷன் மேல் அதைவிட அருவருப்பு.

சிம்பாங் பூலாயில் பகல் காப்பகம் ஒன்று கிடைத்ததால்தான் வேலை பிழைத்தது. இப்போது அதற்கும் வேட்டு. மூத்திர நாற்றத்தோடு இன்னொரு முறை வந்தால் ஏற்ற மாட்டேன் என்று காப்பகத்து வேன்காரர் சொல்லிவிட்டார். இனி லீவு கேட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று சலவைக்கூடத்து சூப்பர்வைசரும் சொல்லிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை வீட்டில் நவமணியும் இருந்தாள். தனேஸ்வரனின் அக்கா. ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்தவள், அறை வாசலைத் தாண்டாமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

“என்னா புனிதா இது? மாமனாரு கைலிய மருமக அவுக்கறதா? பாக்கறவங்க என்னா பேசுவாங்க?”

“அப்ப நீங்க அவுங்கக்கா. உங்க அப்பாதானே.”

நவமணிக்கு உடனே இடுப்பு வலி வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “அன்பா சொன்னா கேப்பாருலா” என்றாள். இந்த வாயுபசாரத்தைக் கேட்கும்போது, கையிலிருந்த ஈரத் துணியை அந்த வாயிலேயே அடைத்துவிடலாமா என்று புனிதாவுக்கு வந்தது.

அன்பாகச் சொன்னாள். கெஞ்சினாள். கடைசியில் கைலியை வெடுக்கென்று இழுத்தாள். மாயாண்டியின் குதிகால் அவள் நெஞ்சில் விழுந்தது. வேன் வரும் நேரம். அழுகையும் ஆத்திரமும் முட்ட, மெத்தை விரிப்பைச் சுருட்டி வெளியே எறியப் போனாள். பின்வாசல் பூட்டைத் திறந்ததுதான் தாமதம், மாயாண்டி அவளை உரசிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“ஐயோ, புடி புடி! மானம் போவுது!” என்று நவமணி உள்ளேயிருந்து அலறினாள்.

மாயாண்டி குழாயடியில் போய் நின்றார். யாரும் தொடாமலே சட்டையைக் கழற்றிக் குழாயில் மாட்டினார். கைலியை அவிழ்த்துக் கீழே போட்டார். தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார். பிறகு திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைக் கதவுப் பக்கம் நீட்டினார்.

“நல்லம்மா, கைலிய குடு. வெரசா குடு. மருமவ வந்துறப் போவுது.”

புனிதாவுக்கு நெஞ்சில் பட்ட உதை இப்போதுதான் வலித்தது. இந்த மனிதர் எல்லாவற்றையும் மறந்திருக்கிறார், மருமகளை மறக்கவில்லை. தினமும் தன் துணியை உருவுகிறவள் மருமகள் என்று தெரிந்துதான் உதைத்திருக்கிறார். அவளுக்கு அவர் மேல் வந்த அருவருப்பு எல்லாம், அவருக்கு அவள் மேலும் வந்திருக்கும்.

ஓடிப்போய்த் துவைத்த கைலியை எடுத்து வந்தாள். கதவுக்குப் பின்னால் மறைந்து நின்று, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினாள். வாயைத் திறக்கவில்லை. கைலியை வாங்கி அவரே கட்டிக்கொண்டார். முடிச்சு கச்சிதமாக விழுந்தது.

“பாத்தியா, அப்பாவுக்கு எல்லாம் தெரியுது. ஒனக்குத்தான் பாக்கத் தெரியல” என்றாள் நவமணி.

“அக்கா, இடுப்பு வலின்னீங்கல்ல. போய்ப் படுங்க.”

வெளியே வேன் ஹாரன் கேட்டது. மாயாண்டி சமையலறைப் படி வரை வந்து நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. வெறும் மார்பைக் கையால் மறைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

புனிதா திரும்பாமலே துண்டை எடுத்துப் பின்னால் நீட்டினாள்.