வெள்ளிக்கிழமை செல்லாத கார்டு

மாதாமாதம் பணம் கட்டினால் போதும், எந்த வீடியோ கேமை வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடலாம் என்று என் மகன் ஒருநாள் வந்து சொன்னான். கேம் தயாரிக்கிற கம்பெனிகளை எல்லாம் ஒரு பெரிய கம்பெனி வரிசையாக வாங்கிக்கொண்டிருக்கிறதாம், இனி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்குமாம். ஏதோ புது உலகம் பிறந்துவிட்ட மாதிரி குதித்தான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதையெல்லாம் ஆம்பூரில் ஒரு சந்துக்குள்ளேயே ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்துவிட்டவள் நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வீடியோ கேம் கடை போட்டான். முதலில் கேசட் செருகுகிற மிஷின்கள், அப்புறம் டிஸ்க் போடுகிற மிஷின்கள். அவனுக்கு ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை இருந்ததால் காலையில் கடையைத் திறக்க ஆள் இல்லை. நானோ டிகிரி முடித்துவிட்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அம்மா நர்ஸ். நைட் டியூட்டி முடித்து வந்து கண்ணை மூடினால் நான் பீரோவை இழுத்துப் போட்டு அடுக்கிக்கொண்டிருப்பேன். "இன்னாடி இது, கால்ல சக்கரம் கட்டினு திரியற? செத்த நேரம் ஒக்காரேன்," என்பாள். கடைசியில் அவளே என்னைக் கடைக்குத் துரத்தினாள். சாயங்காலம் கம்பெனி சங்கு ஊதி ஆம்பளைக் கூட்டம் வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பையன்கள் பள்ளிக்கூடத்திலும் பெரியவர்கள் கம்பெனியிலும் இருக்கிற நேரம் அது. கடையில் ஈ, காக்கை இருக்காது. எல்லா மிஷினும் எனக்குத்தான். கார் ரேஸ் ஆடினேன், சண்டை ஆடினேன், கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாமல் கால்பந்தும் ஆடினேன். ரிமோட் கைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வரும். உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாதவள் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மத்தியானம் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் அம்மாவே நம்பியிருக்க மாட்டாள்.

தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம். தோல் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து எப்போதாவது இரண்டு பேர் காலையில் வருவார்கள். என்னோடு ஆடித் தோற்றுவிட்டு, எழுந்திருக்கவும் மனசில்லாமல் உட்காரவும் முடியாமல் நெளிவார்கள். "இன்னொரு வாட்டி போடுக்கா," என்பார்கள். அவர்கள் போன பிறகு ரிமோட்டில் தோல் வாடை போக ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன். எனக்கு ஒரே குஷியாக இருக்கும்.

அந்தக் காலை நேரம் ஒன்றுதான் என்னுடையது. அம்மா கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "கடைய யாரு பாத்துப்பா, கொஞ்ச நாள் போவட்டும்," என்று அண்ணன் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். கடை இருக்கிற வரை நான் இருப்பேன். கடை போனால், அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்த கையோடு யாராவது ஒரு வீட்டார் எங்கள் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அப்போதுதான் வேலூர்க்காரர் வந்தார். லாங் பஜார் பக்கம் ஒரே ஒரு கேம் கடையில் ஆரம்பித்தவர். பிறகு காட்பாடி, குடியாத்தம், வாணியம்பாடி என்று இருக்கிற கடைகளை எல்லாம் வாங்கிக்கொண்டே வந்தார். ஆம்பூரில் எங்களைத் தவிர இருந்த கடைகளையும் மேஜை நாற்காலியோடு வாங்கினார். எல்லாவற்றுக்கும் ஒரே நீலப் பெயிண்ட். பழைய முதலாளிகளையே சம்பளத்துக்கு மேனேஜராக உட்கார வைத்தார். எங்களுக்குச் சென்னையிலிருந்து டிஸ்க் அனுப்பிக்கொண்டிருந்தவர், "புதுசு வந்தா மொத்தமா வேலூர் போயிடுதும்மா. பழசு கீது, வேணுமா?" என்று போனில் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழசை எல்லாம் நாங்கள் எப்போதோ ஆடி முடித்துவிட்டோம்.

அடுத்து அவர் கொண்டு வந்ததுதான் கார்டு. போட்டோ ஒட்டி, லேமினேட் செய்து, பார்க்க ஆபீஸ் கார்டு மாதிரி இருக்கும். மாதம் ஒரு முறை பணம் கட்டிவிட்டால் அவருடைய எந்தக் கடையிலும் எவ்வளவு நேரமும் ஆடலாம். கீழே சின்ன எழுத்தில் 'ஞாயிறு தவிர' என்று போட்டிருக்கும். ஞாயிறுதான் கூட்டம் வரும் நாள், அன்றைக்கு மட்டும் மணிக்கணக்கில் தனியாகக் காசு. வேலூரில் காலேஜ் பையன்களை வைத்து அவர் போட்ட திட்டம் அது. ஆம்பூருக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் கடை காற்றாடியது. சாயங்காலக் கூட்டம் மொத்தமும் நீலக் கடைகளுக்குப் போனது. எனக்கு வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை, கடையிலும் கொள்ளவில்லை. ஆடிக்கொண்டிருக்கும்போதே பாதியில் ரிமோட்டை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து யாராவது வருகிறார்களா என்று பார்ப்பேன். ஒருவரும் வர மாட்டார்கள். உள்ளே போனால் திரையில் என் கார் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். கடையைக் கொடுத்துவிடலாம் என்று அண்ணன் மெல்ல ஆரம்பித்தான். நான் ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் வெள்ளிக்கிழமை எங்களைக் காப்பாற்றியது.

ஆம்பூரில் பெரும்பாலான தோல் கம்பெனிகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான். ஞாயிறு எல்லோரும் வேலையில் இருப்பார்கள், நீலக் கடைகளில் நாற்காலிகள் சும்மா கிடக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பிட்டு, ஊரே கார்டோடு வந்து நிற்கும். கார்டுதான் இருக்கிறதே, தோற்றாலும் யார் எழுந்திருக்கப் போகிறார்கள்? முதலில் வந்தவன் இருட்டும் வரை உட்கார்ந்திருப்பான். மற்றவர்கள் நின்று நின்று பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே எங்கள் கடைக்கு வருவார்கள். "கார்டு வச்சினு நிக்கிறேன்ண்ணா, ஒருத்தனும் எழுந்துக்க மாட்றான். ஒரே பேஜாரு," என்று அண்ணனிடம் புலம்பிக்கொண்டே காசு கொடுத்து ஆடுவார்கள். அந்த ஒரு நாள் வருமானத்தில் வாரம் முழுக்கக் கடை ஓடியது.

சில மாதங்களில் கார்டைப் புதுப்பிக்கவே ஆட்கள் யோசித்தார்கள். ஆம்பூர் சரிப்படவில்லை, இங்கே கடைகளை மூடிவிடலாம் என்று வேலூர்க்காரர் சொல்லிக்கொண்டிருப்பதாக ஒரு நீலக் கடை மேனேஜர் அண்ணனிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை விஷயத்தை அந்த மேனேஜர்கள் அவரிடம் சொல்லவில்லை. கடையை இழந்து சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன அக்கறை?

"அண்ணா, இத அவரு காதுல போட்றாத," என்றேன்.

"ஊருக்கே தெரிஞ்சது. இதுல இன்னா ரகசியம்?"

"ஊருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது."

அண்ணன் தலையாட்டினான். அவன் தலையாட்டினால் கேட்கவில்லை என்று அர்த்தம்.

அண்ணன் லீவில் இருந்த ஒரு காலையில் வேலூர்க்காரரே எங்கள் கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஹெல்மெட், நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார். அண்ணன் டீ வாங்கி வந்தான். நான் மூலையில் ஆடிக்கொண்டிருப்பது போல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"எல்லா ஊர்லயும் ஓடுது தம்பி. ஒங்க ஊர்ல மட்டும் ஞாயித்துக்கெழம கூட காத்தாடுது," என்றார் அவர். "ஆம்பூர்க்காரனுக்கு சம்பாதிக்கவும் சாப்புடவும்தான் தெரியும் போல. ரசனை கம்மி."

அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கோளாறு உண்டு. வெளியூர்க்காரர் ஏமாற்றினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், ஊரைப் பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டால் பொறுக்க மாட்டார்கள். உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, விளக்கமாகப் புரிய வைத்துத்தான் அனுப்புவார்கள். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

நான் இருமினேன். ரிமோட்டைக் கீழே போட்டேன். "அண்ணா, ஒனக்கு போன் வந்துச்சி," என்று பொய் சொன்னேன். ஒன்றும் பலிக்கவில்லை. "எங்க ஊரப் பத்தி ஒங்களுக்குத் தெரியல சார்," என்று ஆரம்பித்து, எந்தெந்தக் கம்பெனிக்கு என்றைக்கு விடுமுறை, வெள்ளிக்கிழமை கூட்டம் எப்படி நிற்கும், எங்களிடம் வந்து என்ன சொல்லிப் புலம்புகிறார்கள் என்பது வரை கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். முகத்தில் அப்படி ஒரு பெருமை. வேலூர்க்காரர் டீயைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் ஆம்பூர் கார்டில் 'வெள்ளி தவிர' என்று இருந்தது. வெள்ளிக்கிழமை நீலக் கடைகளிலும் இப்போது மணிக்கணக்கில் காசு. அதனால் உட்கார்ந்தவர்கள் சீக்கிரம் எழுந்தார்கள், நிற்கிறவர்களுக்கு இடம் கிடைத்தது, புது டிஸ்க்கும் அங்கேதான். எங்கள் கடைக்கு ஒருவரும் வரவில்லை.

"நீயேதான் சொல்லிக் குடுத்த," என்றேன் அண்ணனிடம்.

"நான் சொல்லாட்டி அவரே கண்டுபுடிச்சிருப்பாரு."

"அதுக்குள்ள மூட்டை கட்டினு போயிருப்பாரு. நாம இருந்திருப்போம்."

அந்த மாதமே கடையைக் கொடுத்துவிட்டான்.

கடைசி நாள் காலையில் நான் வழக்கம் போல் கடைக்குப் போனேன். போக வேண்டாம் என்று அம்மா சொன்னாள், கேட்கவில்லை. வேலூர்க்காரரின் ஆட்கள் வாசலில் நீலப் பெயிண்டைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். பெயிண்ட் வாடை கடை முழுக்க ஏறியிருந்தது. உள்ளே அவரும் அண்ணனும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பையிலிருந்து ஒரு புதுக் கார்டை எடுத்து அண்ணனிடம் நீட்டினார்.

"இது ஒங்களுக்கு தம்பி. ஆயுசுக்கும் ஃப்ரீ. வெள்ளி, ஞாயிறு எதுவும் கெடயாது. எப்ப வேணா வந்து ஆடுங்க."

அண்ணன் அதுவரை ஒரு தடவைகூட ரிமோட்டைக் கையில் தொட்டதில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆடறது நான்தான் சார். என் பேர்ல போட்டுக் குடுங்க," என்றேன்.

வேலூர்க்காரர் என்னைப் பார்த்தார். ஒரு நொடி யோசித்தார். "அதுக்கென்னம்மா, போட்டுக் குடுத்துட்டா போச்சி," என்று சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

அண்ணன் கார்டைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். "வேணாம் சார். வீட்ல பொழுது போவாம இங்க ஒக்காந்துனு இருந்துச்சி. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க," என்றான்.

பேனா பாதி வெளியே வந்திருந்தது. வேலூர்க்காரர் அதைத் திரும்ப உள்ளே வைத்தார். அந்த மனிதர் மேல் இருந்த கோபம் எனக்கு அன்றைக்கே போய்விட்டது. அண்ணன் மேல் இன்னும் போகவில்லை.