விண்ணென்று ஒரு விரிப்பு

இங்கிலாந்தில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் காலை வணக்கத்துக்கு அடுத்து வருவது ஒரு சோதனை. மேற்பார்வையாளர் மார்கரெட் ஒவ்வொரு கட்டிலாக வந்து விரிப்பில் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்ப்பார். அது 'டோட்' (taut) ஆக இருக்க வேண்டும். இறுக்கத்தைத்தான் சொல்கிறார் என்று நானும் ஆரம்பத்தில் மெத்தையைப் பார்சல் மாதிரி சுற்றிக் கட்டினேன். அவர் சிரித்துவிட்டு, இழுப்பதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது அது என்றார். கட்டினால் வராதாம், இரண்டு பக்கமும் இழுத்தால்தான் வருமாம். நம்மூரில் விண்ணென்று இருக்கிறது என்போமே, அதுதான். சின்னச் சுருக்கம்கூட, படுத்தே கிடப்பவர்களின் தோலைப் புண்ணாக்கிவிடும்.

போன வருடம் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்ததும், மூன்று வார லீவில் இலங்கைக்கு, கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு ஓடினேன். அம்மாவின் முதுகில் ஒரு சிவப்புத் தடம். புண்ணாகப்போவதன் முதல் அடையாளம் அது. நான் கிளம்புவதற்குள் அது மறைய வேண்டும். அண்ணன் கோவா, கரட் என்று மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டுகிறவன். லொறிக்குத் தார்ப்பாய்ப் படங்கு போடுவதுபோல விரிப்பின் நாலு மூலையிலும் கயிறு கட்டி, கட்டில் காலில் முடிந்து வைத்திருந்தான். நடுவில் அத்தனையும் சுருக்கம்.

"பாத்தியா, கோவா மூட்டைய கட்டுற மாதிரி என்னைய கட்டி வச்சிருக்கான்" என்றாள் அம்மா. அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடுகண்ணாவை மலை இறக்கத்தில்கூடத் தன் படங்கு ஒருநாளும் அவிழ்ந்ததில்லை என்றான்.

அம்மாவைக் கதிரையில் உட்காரவைத்து, கயிறுகளை அவிழ்த்து, இருவரும் எதிரெதிரே நின்றோம். அண்ணன் இழுத்த இழுப்பில் நான் மெத்தைமேல் குப்புற விழுந்தேன். அம்மா வலியை மறந்து சிரித்தாள். தினமும் இழுத்தோம், இரண்டு மணிக்கொரு தடவை அவளைத் திருப்பிப் படுக்கவைத்தோம். தடம் மங்கி மறைந்தது. ஆனால் நான் போனபிறகு என் பக்கத்தை யார் இழுப்பது? அந்தக் கவலையோடு பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் குசுமா அக்கா வாசலில் வந்து நின்றார்.

"நீங்க போங்க. நான் இழுக்கிறது" என்றார்.

திரும்பி வந்த வாரமே அண்ணன் வீடியோவில் காட்டினான். நான் நின்ற இடத்தில் குசுமா அக்கா. "அதின்ன" என்று அவர் சிங்களத்தில் அதட்ட, இவன் பயந்து இழுக்கிறான். முதுகில் தடம் இல்லை.

"ஒன்னையவிட இவ நல்லா இழுக்குறா" என்றாள் அம்மா. நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

போனை வைத்துவிட்டு என் கட்டிலை விரித்தேன். ஒரு பக்கத்தை இழுத்துச் செருகினேன். சுற்றிப் போய் மறுபக்கத்தை இழுத்தேன். முதல் பக்கம் கழன்று கையோடு வந்தது.