நடுவூரின் ஆறு வாசல்கள்

ஓர் உலகத்தைப் படைப்பதே பெரும்பாடு. நான் ஆறு உலகங்களைப் படைத்து, ஆறும் ஒரே ஊரில் வந்து கூடும்படி வேறு செய்துகொண்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகப் போய் விழுந்த குழி அது.

சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறேன். பள்ளிப் படிப்பு பத்தாவதோடு சரி. மிச்சத்தை நூலகத்திலும், பஸ்ஸில் ஆட்கள் பேசுவதைக் கேட்டும் படித்துக்கொண்டேன். மாயாஜாலக் கதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. சென்னையில் கதைகளைக் குரலில் பதிந்து செயலியில் போடுகிற ஒரு கம்பெனிக்கு முதல் பகுதியை அனுப்பினேன். பிடித்துப்போய், முழுத் தொடராக எழுதச் சொன்னார்கள். அங்கிருந்து என்னிடம் பேசுகிற ஆசிரியர் என்னை 'ப்ரோ' என்பார். எனக்கு நாற்பத்தேழு வயது. போகட்டும்.

கதை நடக்கும் இடம் நடுவூர். அங்கே ஆறு வாசல்கள், வாசலுக்கு ஓர் உலகம். தண்ணீரை மூச்சாக இழுப்பவர்களின் உலகம் ஒன்று. உடம்பே இல்லாத நிழல்களின் உலகம் ஒன்று. தணலில் பிறந்தவர்கள், ஓசையாக மட்டும் இருப்பவர்கள், பின்னோக்கி வாழ்கிறவர்கள் ஆகியோருக்கு மூன்று. ஆறாவது, மனிதர்கள் மறந்ததெல்லாம் போய்ச் சேருகிற உலகம். அந்த ஆறாவதை நினைத்தபோது எனக்கே என் முதுகைத் தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது.

நடுவூர்க்காரர்களின் வாயில் நான் வழியில் கேட்ட பேச்சையெல்லாம் வைத்தேன். சாத்தூரில் பஸ் ஜன்னலோரம் வெள்ளரிக்காய் விற்கிற அம்மா ஒருவர், "நறுக்குன பெறகு வெலையக் கொறைக்காதீக, காயி கேட்டுக்கிட்டு இருக்கு" என்றார். அது நிழல் உலகத்துக் காவலாளிக்குப் போனது. காரியாபட்டியில் ஏறிய பெரியவர், எங்கே போகிறீர்கள் என்று கேட்ட கண்டக்டரிடம், "நான் எங்கய்யா போறேன், பஸ்ஸுதான் போகுது. நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்றார். அதைப் பின்னோக்கி வாழ்கிறவர்களுக்குக் கொடுத்தேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, மதினி கேட்க உட்காரும் வரை.

மதினி என் அண்ணன் மனைவி. எம். புதுப்பட்டியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். பட்டாசு கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. சீசனில் அவரை முகம் பார்த்துப் பேச முடியாது. தீபாவளி முடிந்து கம்பெனியைப் பூட்டிவிட்டால் பொழுது கிடைக்கும். எங்களுக்கோ பிரஸ்ஸில் காலண்டர் வேலை தலைக்கு மேல். பஸ்ஸில் போனில் தட்டியதை வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டினேன். கேட்க ஒரு காது கிடைத்ததே என்ற சந்தோஷம்தான்.

"கொழுந்தனாரே, அந்த நெருப்பு ஒலகத்துக்கும் நெழலு ஒலகத்துக்கும் நடுவுல எம்புட்டுத் தூரம்?"

"தூரமே இல்ல மதினி. அடுத்தடுத்த வாசல். அதுலதான் கதையே இருக்கு."

"ஒட்டி ஒட்டியா கட்டி வச்சிருக்கீக? லைசென்ஸ் குடுத்த மகராசன் யாரு?"

பட்டாசு கம்பெனியில் ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே இடம் விடாவிட்டால் லைசென்ஸ் கிடையாது. சிரித்துவிட்டேன். ஆனால் மறுநாள் கட்டிங் மிஷினில் தாளை அடுக்கும்போதெல்லாம் அதுவே நினைப்பு. இரண்டு வாசலுக்கும் நடுவில் வெறும் பொட்டல் ஒன்றைப் போட்டேன். அதற்காக ஏற்கெனவே எழுதிய இரண்டு பகுதிகளைத் திருத்த வேண்டியிருந்தது. வாசித்துக் காட்டினால் அடுத்த கேள்வி வந்தது.

"ஒரு வாசலுக்குள்ள எத்தனை பேரு போகலாம்?"

"எத்தனை பேரும் போகலாம். மாய உலகம் மதினி அது."

"மாய ஒலகமுன்னா? எங்க ஷெட்டுல நாலு பேருக்கு மேல போனா போர்மேன் குதிப்பாரு. ஒங்க ஊர்ல போர்மேனே கெடையாதா?"

நான்கு பேர் என்று வைத்தேன். அதோடு விட்டாரா? ஷெட்டுக்குள் நுழையும் முன், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். மந்திரம் தெரிந்தவர்களுக்கு மட்டும் உடம்பில் கரண்டு இருக்காதாக்கும் என்று ஒருநாள் கேட்டார். நடுவூரின் ஆறு வாசலிலும் செம்புத் தகடு ஏறியது. எரிச்சலோடுதான் ஏற்றினேன். ஏற்றிய பிறகு கழற்ற மனம் வரவில்லை. தணலில் பிறந்த ஒருத்தி தகட்டில் கைவைத்துக் கண்ணை மூடி நிற்கிற இடத்தை எழுதியபோதுதான் நடுவூரில் எனக்கே கால் பதிந்த மாதிரி இருந்தது.

சென்னையிலிருந்து போன் வந்தது.

"ப்ரோ, உலகம் சூப்பர். ஆனா ரூல்ஸ் ஜாஸ்தி. மந்திரவாதி க்யூல நின்னு தகட்டைத் தொடுறான். ரேஷன் கடை மாதிரி இருக்கு."

"அது அந்த ஊர் வழக்கம் சார்."

"சரி, கடைசி எபிசோட்ல அதையெல்லாம் உடைச்சிருங்க. ஆறு கதவும் ஒரே நேரத்துல தெறக்குது. ஆறு உலகமும் மோதுது. டமால்! நீங்க சிவகாசிக்காரர், உங்களுக்கு நான் சொல்லணுமா? அது நல்லா வந்தா அடுத்த சீசனும் உங்களுக்குத்தான்."

பிரஸ் வாசலில் காலண்டர் லோடு ஏறிக்கொண்டிருந்தது. "சரி சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்ல? என் பெயர் போட்டு ஒரு கதை முழுதாக வெளியே வர வேண்டும் என்று இருபது வருடமாக ஏங்குகிறவன் நான்.

எழுதினேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே வந்தது. கதவுகள் பிளந்தன, தணல் நீரில் பாய்ந்தது, நிழல்கள் கிழிந்தன, ஓசை உலகம் ஒரே அலறலாக எழுந்து வானத்தை உடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதினி முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன்.

முடித்து நிமிர்ந்தபோது அவர் கை கீரையில் இல்லை.

"உள்ள எத்தனை பேரு?"

"என்ன மதினி?"

"உள்ள எத்தனை பேரு இருந்தாகன்னு கேக்கேன்."

"எண்ணல மதினி. கதைதான?"

"எண்ணாம எப்படி?" என்றார். உருவாத கீரையையும் சேர்த்துச் சுளகோடு தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் பக்கம் வேலைநாளில் தூரத்தில் சத்தம் கேட்டால் தெருவே அப்படியே நிற்கும். எந்தப் பக்கம் புகை என்று பார்க்கும். முதலில் கேட்கிற கேள்வி, உள்ளே எத்தனை பேர் என்பதுதான். எனக்கும் அது தெரியும், நானும் கேட்டிருக்கிறேன். தெரிந்திருந்தும் அந்தச் சத்தத்தை அலங்காரம் செய்து வாசித்திருக்கிறேன். அப்போது அப்படித் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. கதை எழுத உட்கார்ந்தவனுக்கு ஒரு பக்கம் இன்ஸ்பெக்‌ஷன், இன்னொரு பக்கம் டமால். நானே படைத்த ஊரில் எனக்கு ஒரு வாசலைத் திறக்க உரிமை இல்லையா?

அந்தக் கோபத்தோடேயே அனுப்பிவிடலாம் என்று போனை எடுத்தேன். அனுப்பும் முன் ஒருமுறை வாசித்தேன். தகட்டில் கைவைத்து நின்றாளே, அந்தத் தணல்காரி, அவள் எந்த வரியில் இருக்கிறாள் என்று தேடினேன். இல்லை. அவளை உள்ளே விட்டுவிட்டுக் கதவை வெடிக்க வைத்திருக்கிறேன்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மின்னல் வெட்டினால் பட்டாசு கம்பெனியில் வேலையை அப்படியே போட்டுவிட்டு, எல்லாரும் ஷெட்டுகளை விட்டுத் தள்ளி இருக்கிற சாப்பாட்டுக் கொட்டகைக்கு வந்துவிட வேண்டும். நடுவூரிலும் மின்னல் வெட்டியது. ஆறு உலகத்தாரும் அவரவர் வாசலை விட்டு வந்து ஒரே கொட்டகையில் ஒண்டி நின்றார்கள். தணல்காரிக்கு நிழல்கள் ஒதுங்கி இடம் விட்டன. ஓசைக்காரர்கள் தங்களை அடக்கிக்கொண்டு இடிக்கு வழிவிட்டார்கள். மறந்ததெல்லாம் சேருகிற உலகத்திலிருந்து வந்தவன், யாரோ தொலைத்த பெயரை ஆள் தேடிக் கொடுத்தான். ஒன்றும் வெடிக்கவில்லை.

"ஃபீல் இருக்கு ப்ரோ. ஆனா கிளைமாக்ஸ்ல ஒண்ணுமே நடக்கலையே" என்றார் சென்னைக்காரர். பழைய முடிவைக் கொடுங்கள், இல்லையென்றால் வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்கிறோம், சம்மதமா என்று கேட்டார். சம்மதம் இல்லை என்றேன். கதையைத் திருப்பித் தந்துவிட்டார்கள். மரியாதையாகத்தான் தந்தார்கள். அதனால் வயிற்றெரிச்சல் குறைந்துவிடவில்லை. அவர்கள் வெளியிடுகிற மற்ற கதைகளின் விளம்பரம் இன்றைக்கும் போனில் வந்து விழுகிறது. பார்க்காமல் தள்ளிவிடுகிறேன் என்று சொன்னால் அது பொய்.

புது முடிவை மதினிக்கு வாசித்தேன். இந்தமுறை கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் வந்துட்டாகள்ல?"

"வந்துட்டாக."

"இடி நிக்க நேரமாகும். குடிக்கத் தண்ணி வச்சீகளா?"

"ஒரு வாசலுக்குள்ள தண்ணி உலகமே இருக்கு மதினி!"

"அது அவுக ஷெட்டுக்குள்ள கெடக்கு. இடி இடிக்கையில எவன் போயி எடுத்துட்டு வருவான்? கொட்டகையில நிக்கிறவுகளுக்குக் கேக்கேன்."

உலகமே கைவிட்டுப் போன கதைக்குத் தண்ணீர்ப் பானை ஒன்றுதான் குறைச்சல் என்று கத்தினேன். மதினி அசையவில்லை. நான் போனைத் திறந்து, கொட்டகையில் எந்த மூலையில் பானையை வைத்தால் தணல்காரியின் சூடு படாது என்று பார்க்க ஆரம்பித்தேன்.