டூரிங் டாக்கீஸ் பெட்டியும் அம்சவள்ளியும்

கள்ளக்குறிச்சி மந்தைவெளிப் பக்கம் ஓர் அரிசி மண்டியின் மாடியில் அப்போது ஒரு மெல்லிசைக் குழு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தது. குழுவின் தலைவர் நாராயணசாமி. பகலெல்லாம் கடிகாரம் பழுது பார்ப்பார். சாயங்காலம் ஆனால் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அந்தக் குழுவில் கோரஸ் பாட வந்து சேர்ந்தவள் அம்சவள்ளி. கச்சிராயபாளையத்தில் குத்தகைக்குக் கரும்பு போட்ட கண்ணாயிரத்தின் மகள். டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளத்தான் தினமும் பஸ் ஏறி வந்தாள். எதிர் மாடியில் பாட்டுச் சத்தம் கேட்டுப் படியேறினாள். அவ்வளவுதான், இறங்க மனம் வரவில்லை.

பாடுகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டாலும், மேடையில் அவளுக்கு வாய்த்ததெல்லாம் ஓர் ஆகாரமும் இரண்டு ஓகாரமும்தான். எண்பத்து நாலாம் வருஷம், குழுவில் கனத்த கீழ் சுரங்களுக்கான பேஸ் கிட்டார் வாசித்தவருக்கு நெய்வேலிப் பக்கம் வேலை கிடைத்தது. அவர் போய்விட்டார், கிட்டார் குழுவினுடையது என்பதால் சுவரில் தொங்கியது. பேஸ் இல்லாத பாட்டு உப்பில்லாத குழம்பு மாதிரி ஆகிவிட்டது. நாராயணசாமி விழுப்புரம் வரைக்கும் ஆள் தேடினார். யாரும் அகப்படவில்லை.

ஒரு நாள் அம்சவள்ளி மெல்லக் கேட்டாள். "நான் வாசிச்சுப் பாக்கட்டுங்களா?"

தபேலாக்காரர் சிரித்தார். நாராயணசாமி சிரிக்கவில்லை. "பொண்ணு பேஸ் வாசிச்சு நான் பாத்ததில்ல. அதுக்காவ வாசிக்கக் கூடாதுன்னு எங்கியும் எழுதி வைக்கல. புடி" என்று கிட்டாரை எடுத்துக் கொடுத்தார்.

நாலே கம்பிதான். ஆனால் ஒவ்வொன்றும் கிணற்றுக் கயிறு மாதிரி. விரல் கொப்பளித்து, தோல் உரிந்து, மறுபடி தோல் வந்து காய்ப்பேறுவதற்குள் ஒரு பொங்கல் வந்து போனது. அடுத்த முகூர்த்த மாதத்தில் அவள் மேடையேறி வாசித்தாள். தாளம் தப்பவில்லை, சுருதி தப்பவில்லை. சத்தம்தான் வரவில்லை. தகர டப்பாவைக் கட்டெறும்பு பிறாண்டுவதுபோல ஏதோ கேட்டது.

"பொம்பளப் புள்ள வெரலு. பலம் கம்மி" என்றார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். விரலுக்கு வலு ஏறட்டும் என்று வீட்டில் மாவாட்டும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். அம்மா பாப்பாத்திக்கு அதில் பரம சந்தோஷம். "நல்லா வாசிக்கக் கத்துக்கோ கண்ணு. இன்னும் ரெண்டு படி ஊற வெக்கிறேன்" என்றாள்.

உளுந்தூர்பேட்டையில் ஒரு கோயில் திருவிழா. ஒரே மேடையில் இரண்டு குழு. புதுச்சேரிக்காரர்கள் பேஸுக்கென்றே தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயரும், இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். கழற்றி மாட்ட நேரமில்லாததால், "எங்க பெட்டியிலியே குத்திக்கோங்க" என்று வயரை நீட்டினார்கள். அம்சவள்ளி வயரைச் செருகி, தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினாள்.

மேடைப் பலகை அதிர்ந்தது. ஆர்மோனியத்தின் மேல் வைத்திருந்த டீ கிளாஸ் கிணுகிணுத்தது. சாலையோரம் லாரியில் சாய்ந்திருந்த டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு முடியும்வரை அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இறங்கியதும் நாராயணசாமியிடம் சொன்னாள்: "ஐயா, என் வெரல் நல்லாத்தான் கீது. நம்ம பொட்டிதான் செத்துப்போச்சு."

உண்மைதான். குழுவின் பெட்டி என்பது ரேடியோ ஸ்பீக்கர் ஒன்றை ஆப்பிள் பெட்டிப் பலகையில் அறைந்தது. முதுகுப் பக்கம் திறந்தே கிடக்கும்.

அன்றிலிருந்து பெட்டி தேடும் படலம் தொடங்கியது. சங்கராபுரத்தில் மைக்செட் கடை வைத்திருந்த இளமாறனிடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்த பெட்டி. இசைத்தட்டு போட்டுக் காட்டினான், கணீரென்று பாடியது. தன் தோட்டை விற்று வாங்கி வந்தாள். ஒத்திகையில் கீழ் சுரத்தைத் தொட்டதும் அது தொண்டை கட்டின காக்கையாக இரைந்தது. பின்பலகையைக் கழற்றினாள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நீளவாட்டில் கிழிந்து, கோந்து தடவி ஒட்டி, மேலே மை பூசியிருந்தது.

மறுநாளே பெட்டியை பஸ் கூரையில் ஏற்றிச் சங்கராபுரம் போய் அவன் கடை வாசலில் இறக்கினாள்.

"இன்னாங்க இது?"

"நான் வாங்கும்போதே அப்படித்தாங்க இருந்துச்சு" என்றான் இளமாறன்.

"வாங்கும்போது உங்களுக்குத் தெரிஞ்சுதில்ல? அப்ப விக்கும்போது எனக்கும் தெரியணும்ங்க."

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். இளமாறன் பெட்டியை உள்ளே தூக்கி வைத்தான். ஸ்டூலைத் துடைத்து உட்காரச் சொன்னான். பிறகு, தானே கோத்த ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

"பொட்டிக்குப் பதிலா இத எடுத்துக்குங்க. சரக்கு நல்லா இருக்கும். ஆனா, இந்தக் குமிழ் திருப்பினா கரகரங்கும். சூடு ஜாஸ்தி ஆவும், பக்கத்துல துணி கிணி வெக்காதீங்க. ஈரக் கையோட தொட்டா லேசா ஷாக் அடிக்கும்."

"லேசான்னா?"

"ஒரு தபா அடிச்சா அப்பறம் ஈரக் கையோட தொட மாட்டீங்க."

அவளுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. இளமாறன் தொடர்ந்தான். "உங்களுக்கு வேண்டிய பொட்டி எங்கிட்ட இல்லீங்க. இதெல்லாம் பாட்டுப் போடற பொட்டி. பேஸுக்குக் காத்தத் தள்ளணும். பெரிய கூம்பு, கனமான பலகை, நாலு பக்கமும் அடைச்சிருக்கணும். உங்க ஊர்லியே ஒண்ணு கீது. டூரிங் டாக்கீஸ்ல."

கச்சிராயபாளையத்தில், கோமுகி அணைக்குப் போகும் வழியில் இருந்தது அந்தக் கொட்டகை. நடத்தியவள் கொளஞ்சியம்மாள். புருஷன் போனபிறகு டிக்கெட் கொடுத்ததும் படச்சுருள் வாங்கி வந்ததும் தகராறு செய்தவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதும் அவள்தான். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைத் திருவிழாவுக்கும் வருஷா வருஷம் மெஷினை ஏற்றிக்கொண்டு போவாள். வீடியோ வந்தபின் கூட்டம் குறைந்து, கொட்டகையைப் பிரித்துவிட்டாள். திரைக்குப் பின்னால் நின்ற ஸ்பீக்கர் பெட்டி, பீரோ உயரத்துக்கு, மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. அதற்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

கோழியை வேறிடம் மாற்றி, முட்டைகளையும் பத்திரமாக எடுத்து வைத்தபிறகு, அம்சவள்ளி பெட்டியைச் சோதித்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. பலகையைச் சுற்றிலும் தட்டினாள். எங்கும் பொத்தல் சத்தம் இல்லை. கூம்பை இரண்டு கட்டைவிரலால் மெல்ல உள்ளே அமுக்கினாள். உரசாமல் போய்த் திரும்பியது. ஒரு மூலையில் ஆணி தளர்ந்திருந்தது. பிறகு ஆம்ப்ளிஃபயரை மாட்டி, தடித்த கம்பியைத் தட்டினாள்.

மாடுகள் எழுந்து நின்றன. கூரையிலிருந்து தூசி உதிர்ந்தது. கொளஞ்சியம்மாள் மார்பில் கை வைத்துக்கொண்டாள். "எம்மா, எங்கொட்டாயில யானை வந்தாக்கூட இப்படிக் கேட்டதில்லியே."

"இத எனக்குத் தர்றீங்களா பெரியம்மா? பதிலுக்கு இன்னா வேணும்?"

"சித்திரையில எம்மவனுக்குக் கல்யாணம். உங்க கோஷ்டியோட வந்து கச்சேரி பண்ணிக் குடு. பொட்டிய எடுத்துக்கோ."

நாராயணசாமி உடனே சரி என்றார். கல்யாணம் முடிந்து பெட்டியைக் கள்ளக்குறிச்சிக்கு எடுத்துப் போவதென்று பேச்சு.

பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தபிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு நாள் சாலை மறியல். அதே நாள். கொளஞ்சியம்மாளால் யாரைக் கோபித்துக்கொள்ள முடியும்? மறியலுக்குப் போகிறவர்கள் எல்லாம் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவர்கள்தான். அம்சவள்ளியின் அண்ணனே முதல் ஆளாகக் கிளம்பினான். "படிச்ச புள்ளைங்க வூட்டோட கெடக்குது. நீயே டைப் அடிக்கக் கத்துகினு இன்னா கண்ட? கேட்டாத்தான் குடுப்பான்" என்றான். அவள் மறுக்கவில்லை. அவளுக்கும் அது ஞாயமாகத்தான் பட்டது. ஆனாலும் கச்சேரி இருக்கிறதே.

அன்று காலையில் கள்ளக்குறிச்சிச் சாலையில் புளியமரக் கிளைகளை வெட்டிப் போட்டு ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. பெண் வீட்டார் முதல் நாளே வந்துவிட்டதால் தாலி கட்டியாயிற்று. ஆனால் வெளியூர் உறவில் பாதிப் பேர் வரவில்லை. நாராயணசாமியும் குழுவும் வரவில்லை. கச்சேரிக்கென்று பந்தலில் இருந்தது மூன்றுதான்: மாட்டுக் கொட்டகையிலிருந்து உருட்டி வந்த பெட்டி, முந்தின நாள் மைக்செட்டோடு வந்துவிட்ட இளமாறன், கிட்டாரைத் தோளில் மாட்டிய அம்சவள்ளி.

மலையிலிருந்து மட்டும் ஆள் வந்துவிட்டது. கொளஞ்சியம்மாள் திருவிழாவில் படம் காட்டப் போய்ப் பழக்கமான வெள்ளிமலை வேடியப்பனும் அவர் ஊர்க்காரர்களும் காட்டுப் பாதையில் நடந்தே இறங்கியிருந்தார்கள். அந்தப் பாதையை யார் மறிப்பது? தலையில் பலாப்பழம், தோளில் மேளம்.

சாப்பாட்டுக்குப் பின் கொளஞ்சியம்மாள் மேடைக்கு வந்தாள். "கச்சேரி இன்னா ஆச்சு?"

"ஆளுங்க வரலியே பெரியம்மா. நான் ஒருத்திதான் கீறேன்."

"நீ கீற. பொட்டி கீது. பேசினபடி வாசி."

பேஸ் மட்டும் வைத்து யாராவது கச்சேரி செய்வார்களா? பாடலுக்கு அடியில் ஓடுகிற சத்தம் அது. வீட்டுக்கு அஸ்திவாரத்தை மட்டும் கட்டிவிட்டுக் குடிபுகச் சொல்வதுபோல. அம்சவள்ளி இளமாறனைப் பார்த்தாள். அவன் குமிழைத் திருப்பிவிட்டு, "கரகரப்ப எடுத்துட்டேன். தைரியமா வாசிங்க" என்றான்.

வாசித்தாள். ஒரு சினிமாப் பாட்டின் அடிச்சத்தம் மட்டும்: டும், டும், டுடும், டும். பந்தலில் இருந்தவர்கள் முழித்தார்கள். "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று யாரோ கேட்டார்கள். அவள் நிறுத்தவில்லை, அதே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அப்போது சமையல் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கமலா என்கிற பெண், தலை நிமிராமலேயே அந்தப் பாட்டின் பல்லவியை எடுத்துவிட்டாள். அம்சவள்ளியின் சத்தத்தின்மேல் அது கச்சிதமாக உட்கார்ந்தது. பந்தலே ஓவென்று கூவியது.

பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அவள் அடியை வாசிப்பாள். இன்ன பாட்டு என்று முதலில் கண்டுபிடிப்பவர் எழுந்து பாட வேண்டும். மாப்பிள்ளையின் மாமன் பாடினார். பள்ளிக்கூட வாத்தியார் தப்பான பாட்டைப் பாடினார். அதுவும் எப்படியோ பொருந்திவிட்டது. தாலி ஈரம் காயாத கல்யாணப் பெண்ணே ஒரு பாட்டைக் கண்டுபிடித்துப் பாதி பாடி, வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டாள். நடுவில் வேடியப்பன் பெட்டியருகே வந்து குனிந்து கேட்டார். "இது எங்க மேளத்துக்கு மாமன் மச்சான் முறையாட்டம் கீதே" என்றபடி தன் ஆட்களைக் கூப்பிட்டார். மலைமேளம் சேர்ந்ததும் ஆடாத கால் இல்லை.

பொழுது சாய, மறியல் முடிந்து ஆட்கள் பசியோடு திரும்பினார்கள். வராத உறவினருக்கென்று ஆக்கிய சோறு அண்டா அண்டாவாக இருந்தது. "மறிச்சவனுங்களே வந்து தின்னுட்டுப் போங்கடா" என்று கொளஞ்சியம்மாள் இலை போட்டாள். அம்சவள்ளியின் அண்ணன் சாப்பிட்ட கையோடு இரண்டு பாட்டுப் பாடினான்.

அப்போதுதான் நாராயணசாமி வந்து சேர்ந்தார். சைக்கிள் கேரியரில் ஆர்மோனியத்தைக் கட்டி, மரம் கிடந்த இடமெல்லாம் தூக்கித் தாண்டி, வேர்வையில் குளித்திருந்தார். அம்சவள்ளி அவசரமாக விலகி மேடையில் இடம் விட்டாள். அவர் பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நீ வாசிம்மா. நான் கோரஸ் பாடறேன்" என்று பின்னால் போய் நின்றார்.

அடுத்த வருஷம் நடந்த ஒரு வார மறியலில் வடக்கே பல உயிர்கள் போயின. அந்த மாதங்களில் யாருக்கும் கச்சேரி கேட்க மனமில்லை, குழுவும் வாசிக்கவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து அம்சவள்ளி வீட்டுக்கே திரும்பி வந்த பெட்டி போர்வை போர்த்தியே கிடந்தது. ஆனால் இளமாறன் ஏதாவது சாக்குச் சொல்லி கச்சிராயபாளையம் வந்துகொண்டிருந்தான். ஒருமுறை ஃப்யூஸ் கம்பி. ஒருமுறை தளர்ந்த ஆணி. கடைசியில் சாக்குத் தீர்ந்துபோய், கண்ணாயிரத்திடமே வந்து பெண் கேட்டான். எண்பத்தெட்டு தையில் கல்யாணம்.

சங்கராபுரம் கடையில் அதன்பின் பாதி இடம் அம்சவள்ளியுடையது. பழைய பெட்டி கொடுத்து வேறு பெட்டி எடுத்துப் போக, திருக்கோவிலூரிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் பேஸ்காரர்கள் வந்தார்கள். இசைத்தட்டுப் போட்டுக் காட்டும் வழக்கத்தை அவள் நிறுத்திவிட்டாள். வாங்குகிறவர் தன் கிட்டாரைக் கொண்டுவந்து தடித்த கம்பியில் வாசிக்க வேண்டும். சிலரை, "உங்க பொட்டியே நல்லாத்தான் கீது. உள்ள கொஞ்சம் இலவம்பஞ்சு வெச்சு மூடுங்க, போதும்" என்று திருப்பியும் அனுப்பினாள். இளமாறன் தலையில் அடித்துக்கொள்வான். ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நாலு பேரைக் கூட்டிவந்தார்கள்.

கல்யாணமான அந்த வருஷமே வெள்ளிமலைத் திருவிழாவுக்கு வேடியப்பன் கூப்பிட்டு அனுப்பினார். லாரியில் பெட்டியை ஏற்றினார்கள். மலைப்பாதையின் கடைசி ஏற்றத்தில் லாரி திணறி நின்றுவிட, ஊர்க்காரர்கள் மூங்கில் கட்டி, சாமியைத் தூக்குவதுபோலப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்சவள்ளி பின்னாலேயே, "மெதுவா, மெதுவா" என்று மூச்சிரைக்க ஓடினாள்.

கோயில் மைதானத்தில் ஜெனரேட்டர் ஓட, வயர் மாட்டி, சோதிப்பதற்காக ஒருமுறை தட்டினாள். முன்வரிசையில் நின்ற ஒரு மலைக்காரப் பெண் கையை நீட்டி, "நானும் ஒரு தபா" என்றாள். அம்சவள்ளி கிட்டாரைக் கழற்றி அவள் தோளில் மாட்டினாள். அவள் தட்டினாள், மைதானம் அதிர்ந்தது, அவள் அலறிச் சிரித்தாள். அவ்வளவுதான், அவளுக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றுவிட்டது. பூசாரிகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். நாராயணசாமி ஆர்மோனியத்தை மூடிவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.